இரண்டு பிக்கப், ஒரு சேஸிஸ்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடம் வண்டியின் வயதைக் கேட்கவே கூடாது. வாய் கூசாமல் அளப்பார்கள். "எங்க தாத்தா காலத்து வண்டிம்மா, அப்படியே ஒரிஜினல்" என்று ஒருவர் என் பட்டறை வாசலில் நின்று மார்தட்டினால், நான் மறுபேச்சுப் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், கதவு நிலையில் அறைந்திருக்கும் தகட்டைப் படிப்பேன். படித்துவிட்டு வந்து, "தாத்தா காலம் இல்ல சார், உங்க தம்பி காலம்" என்பேன். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! சிலர் சீட் தைக்கக் கொடுக்காமலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள். போகட்டும், எனக்கென்ன.

நான் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவள். பக்கத்து ஷெட்டில் என் வீட்டுக்காரர் டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் செய்கிறார். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் சுத்தியலைப் போட்டால் இங்கே என் தையல் கோணிக்கொள்ளும். நான் கத்துவேன், அவர் காதில் விழாத மாதிரி இன்னும் இரண்டு போடு போடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு.

எண்ணைப் படிப்பது ஒன்றும் மந்திரம் இல்லை. இந்தக் காலத்து வண்டிகளுக்குப் பதினேழு இலக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே முறை. ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் அதில் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். பழைய பிக்கப்புகள் அந்த முறை வருவதற்கு முன்னால் பிறந்தவை. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். எங்கள் வீட்டில் நின்ற ரகத்துக்கு, முதல் இரண்டு இலக்கம் எவ்வளவு பாரம் தாங்கும் வண்டி என்பது. அடுத்த எழுத்து எஞ்சின். அதற்கடுத்தது எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்பது. மீதியெல்லாம் வரிசை எண். அதை வைத்து வருடத்தைப் பிடித்துவிடலாம். தொழிற்சாலை மாறினால் சீட் சட்டத்தின் திருகுத் துளைகளும் இடம் மாறும். அதற்காகத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். ரெக்ஸினைத் தப்பாக வெட்டிவிட்டு அழுது பிரயோஜனம் இல்லை.

ஊரார் வண்டிக்கெல்லாம் ஜாதகம் சொன்ன எனக்கு, சொந்த வீட்டில் அந்த எண் சண்டை மூட்டப்போகிறது என்று மட்டும் தெரியாமல் போயிற்று.

வீட்டில் இரண்டு பிக்கப் இருந்தன. இரண்டும் ஒரே ரகம். ஒன்று என் மாமனாருடையது. அவர் போன பிறகு ஷெட்டின் பின்னால் எஞ்சின் இறுகி, டயர் மண்ணில் புதைந்து நின்றது. இன்னொன்று என் தம்பியுடையது. அவன் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி, தன் கையாலேயே சரி செய்து ஓட்டிய வண்டி. அதில் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாற்சந்தியில் லாரி வந்து மோதியது. உயிர் பிழைத்தான். இடது முழங்கால் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தோம். கடைசி அறையைக் கொடுத்தோம். சாப்பாட்டுக்கு வருவான், தட்டைக் கழுவி வைப்பான், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். எதைச் சொன்னாலும் "சரிக்கா". சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் "சரிக்கா". நான் கோபத்தில் கண்டபடி பேசினாலும் "சரிக்கா". சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காக என் கையைக் கடித்து வைத்தவன் அவன். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் காலை என் வீட்டுக்காரர் கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு, நொறுங்கிக் கிடந்த தம்பியின் வண்டியிடம் போனார். சரியாக அவன் ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டு தெருவே கேட்கும்படி கத்தினார்.

"இந்த மட்கார்டை வெட்டி எடுத்துக்கறேன்! வீணாத்தானே கெடக்கு!"

கதவு திறந்தது. தம்பி ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"மாமா! அதுல மெஷின வச்சீங்க, நடக்கறதே வேற!"

"வெட்டக் கூடாதுன்னா கழட்டிக் குடு. ஸ்பேனர் அங்கதான் இருக்கு, மாப்ள."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். மறுநாள் அந்த மட்கார்டை மாமா மாட்டிய விதம் சரியில்லை என்று சொல்வதற்கு வெளியே வந்தான். அதற்கடுத்த நாள் தானே மாட்டினான். மட்கார்டு வெறும் சாக்கு என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. டிங்கர் வீட்டில் தகரத்துக்கா பஞ்சம்?

இப்படித்தான் இரண்டு வண்டியை ஒரு வண்டியாக்குவது என்று ஆரம்பித்தார்கள். கேபின் மாமனார் வண்டியுடையது. எஞ்சினும் கியர்பாக்ஸும் தம்பியுடையவை. இடது காலால் மிதிக்க முடியாது என்பதால் கிளட்சைக் கையால் இழுக்கும்படி ஒரு நெம்புகோல் செய்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே பொருத்தினான். அதைச் செய்து முடித்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வழியில் நின்றுபோகும் வண்டிகளைத் தேடிப் போய்ச் சரி செய்து கொடுக்கும் நடமாடும் பட்டறையாக இதை ஓட்டப்போவதாகச் சொன்னான். பின்னால் கருவிப் பெட்டி எங்கே வரும், வெல்டிங் மெஷின் எங்கே வரும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். என் சந்தோஷம் அவனுக்குத் தெரியக் கூடாது என்று, கிரீஸ் கையோடு சீட்டைத் தொடாதே என்று திட்டிவிட்டு வந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் நடுவில் இந்த இரண்டு மேதாவிகளும் ஒரு காரியம் செய்திருந்தார்கள்.

பிக்கப்பின் அடியில் நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களுமாக ஏணி மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் சேஸிஸ். மற்றதெல்லாம் அதன் மேல் உட்காரும். இரண்டு வண்டியின் சேஸிஸையும் கழற்றி, துரு போக மணல் அடித்துக்கொடுக்கும் பட்டறைக்கு ஒரே லாரியில் அனுப்பினார்கள். மாறிப்போகக் கூடாது என்ற முன்யோசனையோடு, ஒன்றில் "அப்பா" என்றும் இன்னொன்றில் "மாப்ள" என்றும் எழுதினார்கள். எதால்? சாக்பீஸால். பெயிண்ட், துரு எல்லாவற்றையும் உரித்துப் போடுகிற இடத்துக்கு, சாக்பீஸால் பெயர் எழுதி அனுப்பினார்கள்! இரண்டும் பளபளவென்று அடையாளம் தெரியாமல் திரும்பி வந்தன. நேராக இருந்ததை வைத்துக்கொண்டு பெயிண்ட் அடித்தார்கள். மற்றது எடைக்குப் போயிற்று. கேபினைத் தூக்கி வைத்து முடுக்கி, நான் சீட்டைப் போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் பதிவு அலுவலகத்து ஞாபகம் வந்தது.

அங்கே சட்டம் ஒன்றுதான். சேஸிஸில் அடித்த எண்தான் வண்டி. கேபின் மாறலாம், எஞ்சின் மாறலாம், கதவுத் தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டலாம். சேஸிஸ் யாருடையதோ அந்த எண் பிழைக்கும். இன்னொரு எண்ணை ரத்து செய்துவிடுவார்கள், தகட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு அப்படி ஒரு வண்டி இருந்ததாகவே கணக்கில் வராது.

"அது எங்கப்பா சேஸிஸ்" என்றார் என் வீட்டுக்காரர்.

"என் சேஸிஸ் மாமா. லாரி மோதினது கேபின்லதான். அடியில ஒரு கீறல் இல்ல" என்றான் தம்பி.

"மோதினதுல வளையாத சேஸிஸா? யார்கிட்ட கதை விடற?"

"மண்ணுல புதைஞ்சு கெடந்தது மட்டும் புத்தம் புதுசா இருக்குமாக்கும்!"

அன்றிலிருந்து இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டு என் வழியாகப் பேசினார்கள். "உன் தம்பிகிட்ட சொல்லு, பதினாலாம் நம்பர் ஸ்பேனர் என்னோடது." ஸ்பேனர் கேட்ட மனிதர் ஒரு பக்கம், கொடுக்க வேண்டியவன் மறு பக்கம், நடுவில் நான் தட்டோடு நிற்கிறேன். "அக்கா, மாமாகிட்ட சொல்லு, அவர் பெயிண்ட் அடிச்ச லட்சணத்துல கதவு மூட மாட்டேங்குது." ஒருநாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். அப்புறம் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதற்கு மட்டும் இருவரும் ஒற்றுமையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு உள்ளூர ஒரு பயம். மாமனார் எண்ணாக இருந்துவிட்டால் தம்பி மறுபடி அந்தக் கதவைச் சாத்திக்கொள்வான். என் வீட்டுக்காரருக்கும் அவர் அப்பாவின் வண்டி லேசுப்பட்ட விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் மனசு தம்பி பக்கம்தான் சாய்ந்தது. அவன் எண்ணாகவே இருக்கட்டும் என்று சதா வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நீயே படிச்சுச் சொல்லு. நீ சொன்னா சரி" என்றார்கள் கடைசியில்.

நான் படிப்பதைத் தவிர வழியும் இல்லை. எண் அடித்திருக்கும் இடம் வலப்பக்கச் சட்டத்தின் மேல்முகம், கேபின் தரைக்கு அடியில். கேபினைத் தூக்கினால் புதுப் பெயிண்ட் நாசமாகும். இருக்கிற இடுக்கில் அவர்கள் கை நுழையாது. சீட் ஸ்பிரிங்குகளுக்குள் கையை விட்டே பழகிய என் கை நுழையும்.

பதிவுக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள் மத்தியானம், சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்தே தட்டுப்படவில்லை, வழவழவென்று இருந்தது. சட்டம் முழுக்க மெல்லிசாகப் பெயிண்ட் அடித்திருந்த மனிதர், அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் குழைத்துப் பூசியிருந்தார். "இத்தனை வருஷத் தொழில், இதுதான் பெயிண்ட் அடிக்கிற அழகா" என்று திட்டிக்கொண்டே தின்னர் நனைத்த துணியால் தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்து, கடைசியில் விரலுக்குக் கீழே ஒரு குழி தட்டியது. அப்புறம் இன்னொன்று.

சீட் அளவு வரைகிற மெல்லிய தாளைக் கிழித்து அதன் மேல் வைத்தேன். பென்சிலைப் படுக்கவைத்து உரசினேன். கை வலித்தது. தாளை வெளியே இழுத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் தெரிந்தன. இரண்டு வண்டிக்கும் அது ஒன்றேதான். மறுபடி உள்ளே விட்டு உரசினேன். எஞ்சின் எழுத்து. அதுவும் இரண்டுக்கும் பொது. தொழிற்சாலைதான் வேறு. மாமனார் வண்டிக்கு கே, தம்பி வண்டிக்கு ஆர். மூன்றாவது தடவை கையை உள்ளே விட்டேன். ஆர் வரட்டும், ஆர் வரட்டும் என்று முனகிக்கொண்டே உரசி, வெளியே எடுத்தேன்.

கே.

அப்படியே வானத்தைப் பார்க்கிற மாதிரி வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அழுகை வந்தது. வரிசை எண்ணையும் எடுத்துப் பார்த்தேன், ஓர் இலக்கம் பிசகாமல் மாமனாருடையது.

"கே தானேக்கா?"

தம்பியின் செருப்பு எனக்குப் பக்கத்தில் தெரிந்தது. நான் ஊர்ந்து வெளியே வந்தேன். அவன் நீட்டிய காலோடு ஒரு டயர் மேல் உட்கார்ந்தான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே படிச்சேன். மாமா டீ குடிக்கப் போனப்ப. அப்புறம் அது மேல நானே நல்லாப் பூசிவிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு, பக்கத்தில் ஸ்பேனர் இருந்திருந்தால் வீசியிருப்பேன். "அப்ப எதுக்குடா இத்தனை ஆர்ப்பாட்டம்? வீட்டை ரெண்டாக்கிட்டு!"

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

"உன் வீட்டுச் சாப்பாடு. உன் வீட்டு ரூம். வண்டியும் மாமா வண்டின்னா, என்னுதுன்னு என்னக்கா இருக்கு?" என்றான். "அதுவும் போகட்டும். என் நம்பர ரத்து பண்ணிட்டாங்கன்னா, அன்னிக்கு அந்த ரோட்டோட எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்த மாதிரிக்கா. நானும் சேத்துதான்."

தைரியம் சொல்கிற வித்தை எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது எண் படிப்பது. எழுந்து போய், அவன் பழைய கதவிலிருந்து கழற்றி வைத்திருந்த தகட்டை எடுத்து வந்தேன். ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"உன் நம்பர நான் இதுவரைக்கும் உனக்குப் படிச்சுச் சொன்னதே இல்லையே. கேளு" என்று விரலை வைத்தேன். "இது, அரை டன் பாரம் தாங்கும். இது, ஆறு சிலிண்டர் எஞ்சின். ஆர், ஆத்தங்கரைத் தொழிற்சாலை. மிச்சம், அந்த வருஷம் வரிசையில நீ எத்தனாவது."

"நானா?"

"சரி, வண்டி."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"லாரி மோதினது?"

"அதெல்லாம் இதுல வராதுடா. பொறந்தப்ப அடிச்சது. அதுக்கப்புறம் நடந்த எதுவும் இதுல இல்ல."

தகட்டை என் கையிலிருந்து வாங்கினான். கட்டை விரலால் அந்த எழுத்துகளை ஒருமுறை தடவினான். "சரிக்கா" என்றான். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தச் "சரிக்கா"வைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டேன், பசியில்லை என்றான். நேராகத் தகரத் தடுப்பைத் தாண்டிப் போய், பிரஷ் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முன்னால் பென்சில் தாளை நீட்டினேன்.

"இந்தாங்க, உங்கப்பா நம்பர். சந்தோஷமா? அவன் மறுபடி கதவச் சாத்திக்கிட்டான்."

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அங்க மட்டும் அவன் திரும்பத் திரும்ப பிரஷ் போட்டதப் பாத்தேன். நான் பெயிண்டர்ம்மா. எவன் எங்க எதுக்குப் பூசறான்னு எனக்குத் தெரியாதா? அவன் நம்பரா இருந்தா எதுக்கு மறைக்கணும்?"

ஆக, இரண்டு பேருக்கும் முதலிலிருந்தே தெரியும். இந்த வீட்டில் தெரியாமல் வேண்டிக்கொண்டிருந்த ஒரே முட்டாள் நான்தான். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் காட்டினார்.

"கத்தாத. கேளு. ஒரு வருஷமா அவன் எதுக்காவது சண்டை போட்டானா? சோத்துல கல் இருந்தாக்கூட முழுங்கிட்டுப் போனான். மொதத் தடவையா ஒண்ணு தன்னுதுன்னு வாய் விட்டுக் கத்தினான். நான் சரிப்பான்னு விட்டுக் குடுத்தா, அதோட முடிஞ்சுபோயிடும். அதான் நானும் பதிலுக்குக் கத்தினேன். அவன் கத்தற வரைக்கும் கத்தலாம்னு இருந்தேன்." பிரஷை உதறினார். "இப்ப அடங்கிட்டான் பாரு, எனக்கு அதுதான் பயமா இருக்கு."

அவரை நான் திட்டித்தான் பழக்கம். அன்றைக்குத் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. பிரஷை வாங்கி மிச்சத்தை நான் கழுவினேன்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கதவைப் பார்த்தேன். சாத்தியேதான் இருந்தது. அலுவலகத்துக்கு நாங்கள் மட்டும் போவோமா, நாளைக்குத் தள்ளிப்போடுவோமா என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால் தம்பி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் எழுவதற்கு முன்பே வெளியே வந்து, எஞ்சினைச் சூடாக்கி, கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறான். நசுங்கிய தகடு அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"பழைய நம்பர ஒப்படைக்கணும்ல? இன்னும் எத்தனை நேரம்தான் கெளம்புவீங்க?" என்றான்.

பதிவு அலுவலகத்தில் ஆய்வாளர் ஒரு பெண். சுறுசுறுப்பானவள். என்னை மாதிரியே தாளும் பென்சிலுமாக வண்டிக்கு அடியில் கையை விட்டாள், நுழையவில்லை. நான் அங்கேயே உரசி எடுத்துக் கொடுத்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துச் சரிபார்த்துக்கொண்டாள். தம்பி தகட்டை எடுத்து மேஜையில் வைத்தான். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு எடுத்தான்.

"பிழைச்ச நம்பர் உங்கப்பா பேர்ல இருக்கு. உங்க பேருக்கு மாத்திடலாமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"எனக்கு வேணாம் மேடம். இவன் பேருக்கு மாத்துங்க."

தம்பியின் முகம் சிவந்தது. "மாமா, தர்மம் பண்றீங்களா? அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

"தர்மமா? ஏன்டா, உள்ள ஓடற எஞ்சின் யாரோடது? கியர்பாக்ஸ் யாரோடது? ஒயரிங், பிரேக், அந்தக் கை கிளட்ச் எல்லாம் யார் பண்ணது? எங்கப்பனோடது ரெண்டு நீள இரும்பும் ஒரு ஓட்டைக் கேபினும். இதுக்கு ஓனர்னு நான் சொல்லிக்கிட்டு ஷெட்ல உக்காந்தா எவனும் மதிக்க மாட்டான். அதோட, இவன் ஓட்டற ஓட்டுக்கு வர்ற நோட்டீஸெல்லாம் எனக்கு வந்து சேரும். என்னால ஆகாது."

"நான் ஓட்டறதுல என்ன குறையக் கண்டீங்க?"

"வர்ற வழியில அந்தத் திருப்பத்துல கண்டேனே!"

"திருப்பத்துல நீங்கதான் ஸ்டீயரிங்கத் தொட்டீங்க!"

"சண்டைய வெளிய வச்சுக்குங்க" என்றாள் ஆய்வாளர். "எனக்குப் பேர் வேணும். யார் பேரு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "தம்பி பேரு" என்றேன். கையெழுத்துப் போடும்போது தம்பி பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிடுமோ என்று பயந்தேன். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது கதவை ஒரு தட்டு தட்டினான். "வாங்க, என் வண்டில ஏறுங்க" என்றான். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடுவில் நான் உட்கார்ந்தேன். நான் தைத்த சீட், சொல்லக் கூடாது, நன்றாகவே அமைந்திருந்தது. கை கிளட்ச் குதிரை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. கொஞ்ச தூரம் சந்தோஷமாகத்தான் வந்தோம். காலையில் அவன் பின்தெரு வழியாகச் சுற்றித்தான் கூட்டி வந்திருந்தான். இப்போது அந்தத் தெருவில் பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். நேர்வழியில்தான் போக வேண்டும். நேர்வழியில் அந்த நாற்சந்தி இருக்கிறது.

தம்பியின் வேகம் குறைந்தது. நெம்புகோலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தூரத்தில் சிக்னல் கம்பம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், என்ன சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார். சண்டையை நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான்.

"ஆமா" என்றேன், "இந்த ஹாரன் யாரோட வண்டியில இருந்து எடுத்தது?"

"என்னுது" என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில்.

"மாமா, என் வண்டி ஹாரன் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"டேய், சின்ன வயசுல இருந்து கேட்ட சத்தம்டா! எங்கப்பா தெருமுனையில அடிச்சா வீட்டுக்குக் கேக்கும்!"

"அது வேற சத்தம். இது கேளுங்க, இது என்னுது!" தம்பி ஹாரனை அழுத்தினான். முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார்.

"எங்க, இன்னொரு தரம் அடி!"

அடித்தான். கிளட்சை இழுத்தான், கியரை மாற்றினான், விட்டான், மறுபடி அடித்தான். "இப்ப சொல்லுங்க, இப்ப சொல்லுங்க" என்றான். என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, இதெல்லாம் ஒரு சத்தமா என்றார். நான் கண்ணாடியில் பார்த்தேன். சிக்னல் கம்பம் எங்களுக்குப் பின்னால் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. தம்பி அதைக் கவனிக்கவில்லை. மாமாவுக்கு ஹாரனைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வண்டியின் ஹாரனும் செத்துக் கிடந்ததால், என்னிடம் சீட் தைத்த ஒருவரிடம் கேட்டு வாங்கி அவர்கள் மேஜையில் நான் வைத்த ஹாரன் அது. அதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.